திப்புவின் தூதும் துருக்கியின் நட்பும்

கடலூர் முதுநகரில் வாழும் நமக்குத் திப்பு சுல்தான் என்ற பெயர், எங்கோ மைசூர்ச் சீமையில் வாழ்ந்து மறைந்த ஓர் அரசரின் பெயராக மட்டும் ஒலிக்கலாகாது. அவருடைய சேனை தங்கிய ஊர் இது. அவருடைய தந்தையாரான ஹைதர் அலி, சிதம்பரம் ஆலயத்தின் உயர்ந்த மதில்களையே கோட்டையாக்கிக் காவற்படை வைத்திருந்தார். பரங்கிப்பேட்டை மணல்வெளியில் அவர் தோல்வி கண்டார். கொள்ளிடக் கரையில் அவர் மகன் வெற்றி கண்டார். ஆங்கிலேயரை இத்தேசத்தினின்றும் அகற்ற எழுந்த பெரும் முயற்சிகளில் ஒன்று நமது கண்ணெதிரேயுள்ள இந்தத் துறைமுகத்தை நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை முறிந்ததும் இவ்வூரிலேதான்.

திப்புவின் வாளைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர் அனுப்பிய தூதுகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இந்திய மன்னர்கள் அண்டை அயலில் மட்டும் பகையும் உறவும் பாராட்டிக் கொண்டிருந்த காலத்தில், கடல்களுக்கு அப்பால் துருக்கி சுல்தானையும் பிரெஞ்சு மன்னரையும் நண்பர்களாக்கிக்கொள்ள முயன்றவர் அவர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் இடையே நிகழ்ந்த அந்த உறவின் வரலாறு, அன்னிய நாட்டு நட்பின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது. சுதந்திர தேசத்தின் பிரஜைகளாகிய நாம் அதை அறிந்துகொள்வது அவசியமென்று கருதியே அவருடைய சரித்திரத்தை இங்கு அந்த நோக்கில் கூறப் புகுந்தோம்.

சுமார் 1750-ஆம் ஆண்டில் தேவனஹள்ளியில் திப்பு பிறந்தார். ஆர்க்காட்டில் அடக்கமாயிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியாரின் நினைவாக அவருக்கு அப்பெயர் இடப்பட்டது. ஆகவே, பெயரளவில் அவர் நமது தமிழ்நாட்டுக்குக் கடன்பட்டவர். தந்தை ஹைதர் அலி எழுத்தறியாதவர். சாதாரணப் படைவீரராயிருந்து, தமது ஆற்றலினால் மைசூரின் ஆட்சியையே கைக்கொண்டவர். தமக்குக் கிட்டாத கல்வி மகனுக்குக் கிட்டவேண்டுமென்று அவர் விரும்பினார். பாரசீகம் முதலிய மொழிகளையும் சமய சாஸ்திரங்களையும் திப்பு கற்றார். குதிரையேற்றத்தையும் படை நடத்தும் முறைகளையும் கூடவே பயின்றார்.

1767-ஆம் ஆண்டில் முதல் மைசூர் யுத்தம் மூண்டது. வாலிபப் பருவத்தைக் கடவாத திப்பு, குதிரைப் படையுடன் சென்னையின் சுற்றுப்புறம் வரையில் வந்து கும்பெனியாரைக் கலங்கச் செய்தார். 1769-இல் ஹைதர் சென்னையின் வாசலிலேயே வந்து நின்று, ஒருவரையொருவர் ஆபத்தில் காப்பது என்ற நிபந்தனையுடன் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். சில ஆண்டுகளுக்குள் மகாராஷ்டிரர் மைசூர்மீது படையெடுத்தனர். ஹைதர் உதவி கோரினார். ஒப்பந்தப்படி வரவேண்டிய உதவி வரவில்லை. கையெழுத்திட்ட காகிதம் வேறு, காப்பாற்ற வரும் படை வேறு என்பதைத் தந்தையும் மகனும் அப்பொழுதே கண்டனர்.

அந்த மனக்கசப்பும் வளர்ந்து, 1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதரின் பெருஞ்சேனை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அப்போரில் திப்புவின் பங்கு சிறந்ததாகும். பின்னர் வங்காளத்திலிருந்து வந்த ஸர் அயர் கூட் கடலூரைத் தளமாகக் கொண்டார். 1781 ஜூனில் சிதம்பரம் ஆலயக் கோட்டையைத் தாக்கி, அதனுள்ளிருந்த வீரரால் விரட்டப்பட்டார். ஆனால் ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதரை வென்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கொள்ளிடத்தருகே கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைச் சூழ்ந்து சரணடையச் செய்து, திப்பு அந்தத் தோல்விக்கு ஈடுசெய்தார்.

வெற்றி தோல்விகளை எழுதும் சரித்திரம், வயல்களையும் வீடுகளையும் இழந்தவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் இப்பக்கத்துக் குடியானவர் பட்ட துயரம் கொஞ்சமன்று. பகைவனுக்கு உணவு கிடைக்கலாகாதென்று பயிரை எரித்தது ஒரு சேனை. கையில் அகப்பட்ட தானியத்தையும் மாடுகளையும் கொண்டு சென்றன எல்லாச் சேனைகளும். பஞ்சம் தொடர்ந்து வந்தது. மைசூர்ச் சேனையும் இந்தப் பழிக்கு விலக்கன்று. இதனைச் சொல்லாது விடுவது நமது முன்னோருக்குச் செய்யும் துரோகமாகும்.

ஹைதர் ஓர் உண்மையைத் தெளிவாய் உணர்ந்திருந்தார். தரையில் ஆங்கிலேயரை எத்தனை முறை முறியடித்தாலும், கடல் அவர்கள் வசத்திலிருக்கும் வரையில் அவர்கள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருப்பார்கள். கடலில் அவர்களை எதிர்க்க வல்லவர் பிரெஞ்சுக்காரர். ஆகவே அவர்களுடைய நட்பை அவர் நாடினார். 1782 மார்ச்சில் பிரெஞ்சுத் துருப்புகள் பரங்கிப்பேட்டையில் இறங்கின. ஏப்ரலில் கடலூர் மைசூராருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வசமாயிற்று. ஜூலை மாத இறுதியில், கடற்போரில் புகழ்பெற்ற பிரெஞ்சு தளபதி ஸுஃப்ரெனை ஹைதர் கடலூர்ப் பக்கத்தில் சந்தித்து அளவளாவினார். முதுமையும் நோயும் நெருங்கிய நிலையிலும் அவர் அச்சந்திப்பின்மேல் பெரும் நம்பிக்கை வைத்திருந்தார். ஆனால் அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் காலமானார். அச்சமயம் திப்பு மலையாளக் கரையில் போரிட்டுக் கொண்டிருந்தார். அவர் வந்து சேரும் வரையில் மந்திரிகள் மரணச் செய்தியை மறைத்து வைத்து, அரசுரிமையைக் காத்தனர்.

1783 மார்ச்சில் பிரெஞ்சு தளபதி புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கினார். ஆங்கிலேயர் மேற்குக் கரையில் பெத்னூரைப் பிடித்துவிட்டமையால், திப்பு அவரைச் சந்திக்கக் காத்திராமல், ஒரு பகுதிப் படையை மட்டும் இங்கே விட்டுவிட்டு மேற்கே விரைந்தார். ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். ஜூன் 13-ஆம் தேதி நகருக்குத் தெற்கே நடந்த போரில் ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஒரு வாரத்துக்குப்பின் ஸுஃப்ரென் ஆங்கிலக் கடற்படையுடன் பொருது, அதனை இக்கரையினின்றும் விலகச் செய்தார். முற்றுகையிட்டோரே இக்கட்டில் சிக்கிக்கொண்ட தறுவாய் அது. அப்பொழுது ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரான்ஸும் இங்கிலாந்தும் அவ்வாண்டு ஜனவரியிலேயே சமாதானத்துக்கு இசைந்துவிட்டன! ஜூலைத் தொடக்கத்தில் கடலூரில் பீரங்கிகள் ஓய்ந்தன. மங்களூரை முற்றுகையிட்டுக் கொண்டிருந்த திப்புவின் பக்கத்தில் நின்ற பிரெஞ்சு வீரரும் போரினின்றும் விலகிக்கொண்டனர். திப்புவைக் கேட்காமல், எங்கோ தூரதேசத்தில் செய்யப்பட்ட சமாதானம் அவரைத் தனியனாக்கிற்று. ஆயினும் அவர் தளரவில்லை. முற்றுகையைத் தொடர்ந்து நடத்தி, 1784 மார்ச் 11-ஆம் தேதி மங்களூரில் ஆங்கிலேயரோடு சமநிலையில் உடன்படிக்கை செய்துகொண்டார். கடலூரோ 1785-இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய அனுபவத்துக்குப்பின் அவர் துருக்கியை நோக்கித் திரும்பியதில் வியப்பில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அரசின் அங்கீகாரம். மைசூரின் பழைய அரச குடும்பத்தை ஒதுக்கிவிட்டு வந்த ஆட்சி இது. ஹைதராபாத் நிஜாமும் ஆர்க்காட்டு நவாபும் டில்லி பாதுஷாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு திப்புவைத் தமக்குச் சமமாக மதிக்க மறுத்தனர். இஸ்லாமிய உலகில் கலீபா என்று போற்றப்பட்ட துருக்கி சுல்தானே தம்மை அரசராக ஒப்புக்கொண்டால், டில்லியின் தயவு தேவையில்லையென்று அவர் எண்ணினார். இரண்டாவது, வியாபாரம். மைசூரின் சந்தனமும் மிளகும் ஏலமும் ஆங்கிலேயர் கை படாமல் பாரசீக வளைகுடாவிலும் அரபு நாட்டிலும் விலைபோக வேண்டுமென்று அவர் விரும்பினார். மஸ்கத்தில் அவருக்குப் பண்டகசாலை இருந்தது. அவ்வூர் ஆட்சியாளர் அவருடைய வியாபாரத்துக்குச் சலுகைகளும் காட்டினார். மூன்றாவது, ஆங்கிலேயரை எதிர்க்கப் படையுதவி. இங்கே ஒன்றை மறக்கலாகாது: மைசூர் ஜனங்களில் பெரும்பாலோர் ஹிந்துக்கள், அரசரோ முஸ்லிம். ஆகவே இது சமயத்தின் பெயரால் தொடங்கப்பட்டாலும், உண்மையில் ராஜ்யத்தின் நன்மையைக் கருதிய முயற்சியேயாகும்.

1784-இல் உஸ்மான் கான் என்பவரை அனுப்பி நிலைமையை அறிந்துகொண்ட பிறகு, குலாம் அலி கான் தலைமையில் பெரிய தூதுகோஷ்டி ஒன்றைத் திப்பு சித்தம் செய்தார். ஏறத்தாழ தொள்ளாயிரம் பேர், நான்கு கப்பல்கள், துணிகளும் வாசனைத் திரவியங்களும் சந்தனமும், போதாதற்கு யானைகளும். 1786-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர்கள் மேற்குக் கரையினின்றும் புறப்பட்டனர். வழி நெடுகிலும் துன்பமே. யானைகள் வழியிலேயே மாண்டன. கப்பல்கள் புயலுக்கும் தீக்கும் இரையாயின. மஸ்கத், பஸ்ரா, பாக்தாத் வழியாகச் சென்று, 1787 செப்டம்பரில்தான் அவர்கள் கான்ஸ்டாண்டிநோபிளை, இன்றைய இஸ்தான்புல்லை, அடைந்தனர். கோஷ்டியின் காரியதரிசி எழுதிய தினசரிக் குறிப்பு இன்றும் கிடைக்கிறது. ஊர் ஊராக என்ன விலை, என்ன சரக்கு, எந்த அதிகாரியின் மனம் எப்படி என்று கவனித்து எழுதவேண்டும் என்பது மன்னரின் கட்டளை. அந்தக் கட்டளையிலேயே ஒரு நவீன அரசின் நோக்கைக் காண்கிறோம்.

திப்பு விரும்பியவை பல. பஸ்ரா துறைமுகத்தைத் தமக்குக் குத்தகைக்கு விட்டால், அதற்கு ஈடாகத் தமது மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றைத் துருக்கிக்கு அளிக்க அவர் சித்தமாயிருந்தார். யூப்ரடீஸ் நதியிலிருந்து புண்ணிய நகரமாகிய நஜபுக்கு ஒரு கால்வாய் வெட்டித்தரவும் முன்வந்தார். கைத்தொழில் வல்லுநரைக் கேட்டார், படையுதவியும் கேட்டார். சுல்தான் முதலாம் அப்துல் ஹமீது தூதரை மரியாதையுடன் வரவேற்றார். கண்ணியமான கடிதங்களும் பரிசுகளும் தந்தார். அரசர் என்ற கௌரவம் கிடைத்தது. துறைமுகமோ சேனையோ கிடைக்கவில்லை.

இதற்காகத் துருக்கியைக் குறைகூறுவது நியாயமாகாது. தூதர் போய்ச் சேர்ந்த சமயத்தில், 1787 ஆகஸ்டில், துருக்கி ரஷ்யாவுடன் போரில் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவும் பகையாயிற்று. தன் வீட்டில் தீப்பிடித்திருக்கும்பொழுது அடுத்த தெருவுக்குத் தண்ணீர் கொண்டு ஓட யாரால் இயலும்? மேலும், ரஷ்யாவைத் தடுக்க ஆங்கிலேயரின் நல்லெண்ணம் துருக்கிக்கு வேண்டியிருந்தது. எவரைத் திப்பு பகைவரென்று கருதினாரோ, அவரையே துருக்கி தனக்கு வேண்டியவராகக் கருதிற்று. இந்த இடத்தில்தான் இரு நாடுகளின் நட்பும் தடுக்கி விழுந்தது. தூதர்கள் எகிப்து வழியாகவும் மக்கா வழியாகவும் திரும்பினர். கொள்ளைநோயும் வழித்துன்பங்களும் கோஷ்டியைக் கொண்டுபோக, மீண்டு வந்தவர் மிகச் சிலரே.

இதற்கிடையே, 1787 ஜூலையில், கடலூருக்கு வடக்கேயுள்ள புதுச்சேரியினின்றும் மற்றொரு தூது பிரான்ஸுக்குக் கப்பலேறியது. 1788 ஆகஸ்டில் பதினாறாம் லூயி மன்னர் வெர்சேல்ஸ் அரண்மனையில் அவர்களுக்குப் பேட்டியளித்தார். உபசாரத்துக்குக் குறைவில்லை, காரியம்தான் ஆகவில்லை. அடுத்த ஆண்டிலேயே பிரான்ஸில் புரட்சி மூண்டு, அம்மன்னரின் சிம்மாசனமே ஆடத் தொடங்கிற்று.

தூரதேசங்களில் திப்பு நண்பரைத் தேடிக்கொண்டிருக்கையில், அண்டையில் அவருக்குப் பகைவர் பெருகினர். நிஜாமும் மகாராஷ்டிரரும் கார்ன்வாலிஸ் பிரபுவோடு சேர்ந்துகொண்டனர். 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் யுத்தத்தின் முடிவில், திப்பு தமது ராஜ்யத்தில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் ஈடுகொடுக்க ஒப்புக்கொண்டார். தமது புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். அவரை வீழ்த்த உதவிய நிஜாம் அவருடைய சமயத்தவரே. ஆர்க்காட்டு நவாபும் அவ்வாறே. அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரோ வேறு சமயத்தவர். ராஜ்யங்களின் நட்பைச் சமயம் ஒன்றே நிர்ணயிக்கிறதென்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

தோல்விக்குப் பின்னும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1796-இல் ஆப்கானிய மன்னர் ஸமான் ஷாவுக்குத் தூது அனுப்பினார். ஸமான் ஷா 1798 இறுதியில் லாகூர் வரை வந்தார். ஆங்கிலேயர் பாரசீகத்தைத் தூண்டினர். மேற்கே ஆபத்து என்று அறிந்து, 1799 தொடக்கத்தில் அவர் திரும்பிப் போனார். மஸ்கத்தும் 1798 அக்டோபரில் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பிரெஞ்சுத் தீவாகிய மொரீஷியஸில் கேட்ட உதவிக்கு வந்தவர் நூறு பேர் அளவே. அந்தச் சொற்ப உதவியையே காரணமாகக் காட்டி வெல்லெஸ்லி பிரபு போருக்கு ஆயத்தமானார்.

அவ்வேளையில் விதி வேறொரு விளையாட்டும் ஆடிற்று. 1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். எகிப்து துருக்கிக்கு உட்பட்ட நாடு. அதுகாறும் பிரான்ஸின் பழைய நண்பனாயிருந்த துருக்கி, அதன்மேல் போர் தொடுத்து ஆங்கிலேயரோடு சேர்ந்தது. செப்டம்பரில் சுல்தான் மூன்றாம் ஸலீம் திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் இஸ்லாத்துக்கு விரோதிகள் என்றும், அவர்களைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு இணங்கிப் போகவேண்டுமென்றும், வேண்டுமானால் தாமே சமரசம் செய்துவைப்பதாகவும் அதில் கூறினார். அக்கடிதம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும்: கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்த ஆங்கிலத் தூதர் கைவழியாக, வெல்லெஸ்லியின் கைவழியாக, 1799 ஜனவரியில் அது திப்புவுக்கு அனுப்பப்பட்டது. எந்த கலீபாவின் ஆதரவைப் பெற அவர் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கடலிலும் பாலையிலும் பலிகொடுத்தாரோ, அந்தக் கலீபாவின் கடிதம் பகைவரின் தபாற்பையில் வந்து சேர்ந்தது! திப்பு மிகுந்த பணிவுடன் பதில் எழுதினார். அதே சமயத்தில் ஆங்கிலேயர் இந்திய மன்னர்களுக்குச் செய்த தீங்குகளையும் எடுத்துக் காட்டினார். நெப்போலியன் கெய்ரோவிலிருந்து அவருக்கு எழுதிய கடிதமோ ஜித்தாவில் ஆங்கிலேயர் கையில் சிக்கிற்று. அவர் அதைக் காணவேயில்லை.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டை வாசலருகே சாதாரண வீரரைப்போல் போரிட்டுத் திப்பு உயிர்துறந்தார். அவருடைய குடும்பத்தினர் நமது வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலையில் அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றிய பிறகு, அக்குடும்பத்தினரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர்.

திப்புவைக் குற்றமற்றவரென்று நாம் கூறவரவில்லை. குடகிலும் மலையாளத்திலும் மங்களூர்ப் பக்கத்திலும் அவருடைய படைகள் செய்த கொடுமைகள் அந்நாட்டு ஜனங்களின் நினைவினின்றும் இன்றும் மறையவில்லை. மகாராஷ்டிரப் படையினரால் கொள்ளையிடப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு 1791-இல் உதவி செய்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே சரித்திரம் பேசவேண்டும். ஆனால், ஆங்கிலேயரோடு இறுதிவரை சமரசம் செய்துகொள்ளாது களத்தில் மாண்ட மன்னர் என்ற பெருமையை யாரும் அவரிடமிருந்து பறிக்க இயலாது.

அவருடைய தூதுகள் ஏன் பயன்படவில்லை? வெளிநாடுகளோடு உறவுகொள்ள எண்ணியது தவறன்று. அது அவருடைய தீர்க்கதரிசனம். ஆனால் ஒவ்வொரு நாடும் தன் நன்மையைக் கருதியே நட்புக் கொள்ளும். துருக்கி ரஷ்யாவை நினைத்தது. பிரான்ஸ் தன் சமாதானத்தை நினைத்தது. மஸ்கத் தன் கப்பல்களை நினைத்தது. வியாபாரம் இருந்தவரையில் மஸ்கத் உறவு பயன் தந்தது. வெறும் உபசார மொழிகளில் நின்ற உறவுகள் முதற் சோதனையிலேயே தேய்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பூனாவும் ஹைதராபாத்தும் ஸ்ரீரங்கப்பட்டணமும் ஒரு மனப்பட்டிருந்தால் கான்ஸ்டாண்டிநோபிளின் உதவி தேவைப்பட்டிராது. அம்மூன்றும் பிரிந்து நின்றபடியால், அந்த உதவி கிடைத்திருந்தாலும் போதியிராது. இந்தப் பிழை திப்பு ஒருவருடையதன்று. அக்காலத்து இந்திய அரசுகள் அனைத்தும் அதில் பங்குடையன.

1947-க்குப் பிறகு நமது தூதர்கள் உலகத்தின் தலைநகரங்களில் நமது கொடியின்கீழ் வீற்றிருக்கின்றனர். அன்னியர் தபாற்பையை எதிர்நோக்கவேண்டிய நிலை நமக்கில்லை. ஆயினும், அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வருவது இங்கே நாம் ஒன்றுபட்டு வாழ்வதனாலேயே என்பதை மறத்தலாகாது. ஹிந்துவும் முஸ்லிமும், தமிழரும் கன்னடரும் மராட்டியரும் மனம் வேறுபட்டு நிற்பாராயின், எத்தனை நாட்டுத் தூதர் வந்து புன்னகை புரிந்தாலும் பயனில்லை. 1783-இல் கடலூரில் பீரங்கிகள் ஓய்ந்த அன்று, அப்பாலிருந்த ஒருவரின் சமாதானம் நமது மண்ணின் கதியை முடிவுசெய்தது. அந்நிலை மறுபடியும் வாராமற் காப்பது நமது கையில்தான் இருக்கிறது.